மழலையர் ஆசிரியைக்கு ஒரு நாற்காலி

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்களின் பிறந்த நாளை 1962-ஆம் ஆண்டு முதல் நம் நாடு இவ்வாறு கொண்டாடி வருவது அனைவரும் அறிந்ததே. எங்கள் பள்ளியில் அன்று ஓர் இனிய வழக்கம் உண்டு. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அம்மாவின் சேலையைக் கடன் வாங்கி உடுத்தி, கையில் வருகைப் பதிவேட்டுடன் ஒரு நாள் ஆசிரியைகளாக வலம் வருவோம். யாருக்கு எந்த வகுப்பு என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். இவ்வாண்டு எங்களில் ஆறு பேருக்கு எல்.கே.ஜி. வந்தது. தோழியர் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டனர். "உங்களுக்கென்னடி கவலை! இரண்டு பாட்டுப் பாடி, ஒரு கதை சொல்லி, தூங்க வைத்துவிட்டு வரவேண்டியதுதானே!" என்றனர். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம்.

அந்த எண்ணம் ஒன்பதரை மணிக்கெல்லாம் பறந்துவிட்டது. வகுப்பில் 36 குழந்தைகள். வாசலில் ஒரு குழந்தை அம்மாவின் முந்தானையை விடாமல் அழுதது. அதைக் கண்டதும் இன்னும் மூன்று குழந்தைகளுக்கு அம்மாவின் நினைவு வந்துவிட்டது. ஒருத்தி இடக்கால் செருப்பை வலக்காலில் மாட்டிக்கொண்டு நடந்து விழுந்தாள். ஒருத்தி சாக்பீஸைக் கடித்துத் தின்றாள். ஒருத்தியின் தண்ணீர்ப் பாட்டில் கவிழ்ந்து நான்கு பேரின் பைகள் நனைந்தன. இன்னொருத்தி சொல்லக் கூச்சப்பட்டு, உடையை நனைத்துக்கொண்டு மூலையில் போய் நின்றாள். "அக்கா, இவ என்னைக் கிள்ளிட்டா", "அக்கா, மூக்கு ஒழுகுது", "அக்கா, எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்று ஒரே நேரத்தில் பத்துக் குரல்கள்! நாங்கள் ஆறு பேர் இருந்தும் ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடிக்க இயலவில்லை. பத்தரை மணிக்கு எங்கள் தொண்டை கட்டிவிட்டது.

பதினோரு மணியளவில் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும். எங்களில் ஒருத்தி, மேசை மீது ஏறி ஏறிக் குதித்துக்கொண்டிருந்த குழந்தையின் கையைப் பிடித்து இழுத்து, "சும்மா இருக்க மாட்டியா!" என்று கத்திவிட்டாள். அந்தக் குழந்தை அழவில்லை. கண்களை விரித்து அவளைப் பார்த்தது. வகுப்பே அடங்கிப்போயிற்று. காலையிலிருந்து நாங்கள் வேண்டி விரும்பிய அமைதி அப்போதுதான் கிடைத்தது. ஆனால் அந்த அமைதி எங்களுக்குப் பிடிக்கவில்லை. கத்தியவள் ஒருத்திதான் என்றாலும், மற்ற ஐவரின் வாயிலும் அதே சொல் வந்து நின்றதை நாங்கள் அறிவோம்.

அந்நேரம் எல்.கே.ஜி. மிஸ் உள்ளே வந்தார்கள். எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தரையில் குந்தி உட்கார்ந்து கைகளை நீட்டினார்கள். குழந்தை ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்து, "முதல்ல போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்கம்மா. ரெண்டு நிமிஷம் வெளியில காத்தாட நின்னுட்டு வாங்க, எல்லாம் சரியாப் போகும்" என்றார்கள். அப்படியே செய்தோம். என்ன வியப்பு! திரும்பி வந்தபோது அதே குழந்தைகள் எங்களுக்கு வேறு குழந்தைகளாகத் தெரிந்தனர்.

விடைபெறும்போது எங்களில் ஒருத்தி, "நீங்க எப்ப மிஸ் தண்ணி குடிப்பீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டாள். மிஸ் சிரித்தார்கள். "காலையில நான் அதிகமாக் குடிக்கிறதில்லைம்மா. குடிச்சா வெளியே போகணும். நான் போனா இவங்களை யார் பாத்துக்கிறது? ஆயாம்மாவுக்கு வேற வகுப்பும் இருக்கே!" என்றார்கள். எங்களுக்கு இரண்டு நிமிடங்களைத் தந்த அந்த அன்பு உள்ளத்திற்குத் தனக்கென இரண்டு நிமிடங்கள் இல்லை. அந்தச் சிரிப்புத்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மழலையரைப் பேணும் ஆசிரியைகளை நாம் போற்றுகிறோம், ஆனால் பேணுவதில்லை. இதுவே நாங்கள் சொல்ல விரும்புவது.

ஆசிரியர் தினத்தன்று நாங்கள் அவர்களுக்கு என்ன தந்தோம்? ஒரு ரோஜாப்பூ, வண்ணக் காகிதத்தில் ஒரு வாழ்த்து அட்டை, 'இரண்டாம் தாய்' என்ற பட்டம். மாலையில் பூ வாடிவிட்டது. மறுநாள் காலை மிஸ் அதே வகுப்பில், அதே 36 குழந்தைகளுடன், தண்ணீர் குடிக்காமல் நின்றார்கள். அன்பைப் பூவால் காட்டுவது தவறன்று. ஆனால் பூவோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணுவது தவறல்லவா?

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். எங்களில் ஒருத்தியின் தம்பி எங்கள் ஊரிலுள்ள ஒரு மழலையர் பள்ளியில் படிக்கிறான். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே ஓர் இளம் ஆசிரியை இருந்தார். ஜூன் மாதத்தில் குழந்தைகள் அவரை விட்டு வீட்டுக்கு வர மறுத்தார்கள் என்றால் பாருங்கள். தீபாவளி நெருங்கியபோது, "அந்த மிஸ் சிடுசிடுவென்று இருக்கிறாள்" என்று பேச்சு எழுந்தது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கும் கேள்விகள் பறந்தன. "என் பிள்ளை சோறு மிச்சம் வைத்திருக்கிறான், ஏன் கவனிக்கவில்லை?" "பக்கத்து வீட்டுப் பிள்ளை இருபது வரை எழுதுகிறது, எங்கள் பிள்ளை ஏன் எழுதவில்லை?" ஒரு நாள் பள்ளி வாசலில் பலர் பார்க்க ஒரு தாயார் அவரை உரத்த குரலில் கேட்டுவிட்டார். மறுவாரம் அந்த ஆசிரியை வரவில்லை. பிறகு வரவேயில்லை.

"நல்லதாகப் போயிற்று" என்று ஊர் சொன்னது. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான் சொன்னார்கள். நாங்களும் தலையாட்டினோம். ஆனால் அந்தத் தம்பி மட்டும் இரண்டு வாரங்கள் இரவில் எழுந்து, "மிஸ் எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஜூனில் சிரித்த முகம் அக்டோபரில் ஏன் சிடுசிடுத்தது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. எல்.கே.ஜி.யில் ஒரே ஒரு காலைப் பொழுது நின்ற பிறகுதான் அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றியது. ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் பொறுமை தீர்ந்துவிட்டதே! ஐந்து மாதங்கள் தனியாக நின்றவரைக் குறை கூற நாங்கள் யார்?

இந்தச் சோர்வு சோம்பலன்று, குணக்கேடும் அன்று. 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் மனநல அறிஞர், நியூயார்க் நகரின் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் பணிபுரிந்த தொண்டர்களைக் கூர்ந்து கவனித்து இதைப் பற்றி எழுதினார். ஆர்வத்தோடு தொண்டாற்ற வந்தவர்களே சில காலத்தில் திரி எரிந்து தீர்ந்த விளக்கைப் போலாகிவிடுவதை அவர் கண்டார். அந்நிலைக்கு அவர் இட்ட பெயர் 'பர்ன் அவுட்'. 2019-இல் உலக சுகாதார நிறுவனமும் தன் நோய் வகைப்பாட்டு நூலில் இதனை விளக்கியது. இது ஒரு நோயன்று. பணியிடத்தில் தீர்க்கப்படாமல் நீடிக்கும் மன அழுத்தத்தின் விளைவு என்பது அதன் கருத்து. அடையாளங்கள் மூன்று: ஆற்றல் வற்றிப்போதல், செய்யும் வேலையில் மனம் ஒட்டாமல் கசந்துபோதல், 'என்னால் எதுவும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை' என்ற எண்ணம் வளர்தல். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காரணம் பணியிடத்தில் இருக்கிறதென்றால், பரிகாரமும் பணியிடத்தில்தான் தொடங்க வேண்டும்.

மழலையர் ஆசிரியையின் பணியில் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு ஒன்று உண்டு. ஆர்லி ஹோக்‌ஷீல்டு என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1983-இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்ற பொருளில் ஒரு பெயரைத் தந்தார். உள்ளே என்ன வேதனை இருந்தாலும் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொள்வதும் ஓர் உழைப்பே என்பது அவர் கருத்து. வீட்டில் மாமியாருக்கு உடல்நலமில்லை; கணவருக்கு வேலை போய்விட்டது; இரவெல்லாம் உறக்கமில்லை. இருந்தாலும் காலை ஒன்பது மணிக்கு 'ஆனை வந்தது' என்று அசைந்தாடிக் காட்ட வேண்டும். கணக்கு ஆசிரியை சற்று வாட்டமாக இருந்தால், "ஒரு பயிற்சியைப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் அமரலாம். நான்கு வயதுக் குழந்தைகளிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

குழந்தைகளுக்கும் இதில் நேரடியான இலாப நட்டம் உண்டு. சிறு குழந்தைக்குத் தன் அழுகையையும் கோபத்தையும் தானே அடக்கிக்கொள்ளத் தெரியாது. பக்கத்திலிருக்கும் பெரியவரின் அமைதியைக் கடன் வாங்கித்தான் அது அமைதியடைகிறது. அப்படிப் பல நூறு முறை கடன் வாங்கிய பிறகே, தானாக அமைதியடையக் கற்றுக்கொள்கிறது. ஆசிரியையிடம் அமைதி இருந்தால்தானே குழந்தைக்குக் கடன் கொடுக்க முடியும்? வற்றிய கிணற்றில் வாளியை விட்டு, "தண்ணீர் வரவில்லையே" என்று வாளியைத் திட்டிப் பயன் என்ன?

நாம் அடிக்கடி சொல்லும் சொல் ஒன்று உண்டு, தியாகம். "அவர்கள் தியாக உள்ளம் படைத்தவர்கள், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வார்கள்" என்கிறோம். தியாகத்தின் மேன்மையை இப்பள்ளியில் படிக்கும் எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தியாகம் என்பது ஒருவர் தாமாக முன்வந்து கொடுப்பது. கேட்காமல் பிறர் எடுத்துக்கொள்வதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டலாமா? தண்ணீர் குடிக்காமல் நிற்க வேண்டும் என்று எந்த மிஸ்ஸும் நேர்ந்துகொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் நிற்கிறார்கள். நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருப்பதால் நோய்த்தொற்று வரும் என்று அறிவியல் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தருவதும் ஆசிரியைகள்தாமே!

மறைக்கல்வி வகுப்பில் கேட்ட எலியா இறைவாக்கினரின் கதை இங்கே எங்களுக்கு நினைவு வருகிறது. பெரும்பணி ஆற்றிய அவர், ஒரு கட்டத்தில் உள்ளம் ஒடிந்து, பாலை நிலத்தில் ஒரு செடியின் அடியில் விழுந்து, சாவே மேல் என்று மன்றாடினார். வானதூதர் வந்து அவரைக் கண்டிக்கவில்லை; அறிவுரையும் கூறவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்தார், மீண்டும் உறங்க விட்டார், மறுபடியும் உணவூட்டினார். அதன்பின் எலியா ஓரேபு மலை வரை நடந்தார். களைத்தவருக்கு முதலில் வேண்டியது பாராட்டோ கண்டிப்போ அன்று, தண்ணீரும் ஓய்வும் என்பதை இதைவிட எளிதாக யார் சொல்ல முடியும்?

மழலையர் கல்வியின் வரலாற்றைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை தெரிகிறது. இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907 ஜனவரி 6-ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழை மக்கள் பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் திறந்தார். பெரியவர்களின் பெஞ்சுகளை அகற்றி, குழந்தைகளின் உயரத்திற்கேற்பச் சிறு நாற்காலிகளையும் மேசைகளையும் செய்வித்தார். அந்த அம்மையாருக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப இயலாமல், சில காலம் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். குழந்தைக்குக் கற்பிக்க வருபவர் முதலில் தம் உள்ளத்தைப் பண்படுத்திக்கொள்ள வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

இன்று எந்த மழலையர் வகுப்பிலும் குட்டி நாற்காலிகள் இருக்கின்றன. ஆனால் ஆசிரியை அமர நாற்காலி எங்கே? எங்கள் எல்.கே.ஜி. வகுப்பில் தேடிப் பார்த்தோம். இல்லை. மிஸ் நிற்கிறார்கள், குனிகிறார்கள், குந்துகிறார்கள், மிகவும் கால் கடுத்தால் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயைத் தொட ஒடுங்கி அமர்கிறார்கள். குழந்தைக்கு நாற்காலி செய்த உலகம், அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்ப்பவருக்கும் முதுகு இருக்கிறது என்பதை மறந்துவிட்டது போலும்! உள்ளத்தைப் பண்படுத்தச் சொல்கிறோம். சரிதான். உட்கார இடமும் பத்து நிமிடமும் தந்துவிட்டல்லவா அதைச் சொல்ல வேண்டும்?

பள்ளி வளாகத்திற்கு வெளியேயும் நம் பார்வை செல்ல வேண்டும். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்தவையே இன்று நாடெங்கும் உள்ள அங்கன்வாடி மையங்கள். எங்களில் ஒருத்தியின் சித்தி பக்கத்து ஊரில் அங்கன்வாடிப் பணியாளர். ஊரார் 'பால்வாடி டீச்சர்' என்றே அழைப்பார்கள். விடுமுறையில் ஒரு நாள் அவரோடு இருந்து பார்த்தோம். குழந்தைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் கற்பிப்பது ஒரு பாதிதான். எடை போட வேண்டும். உயரம் அளக்க வேண்டும். முட்டையும் சத்துமாவும் கணக்குப் பார்த்து வழங்க வேண்டும். கருவுற்ற தாய்மாரின் வீடுகளுக்குச் சென்று வர வேண்டும். தடுப்பூசி நாளை நினைவூட்ட வேண்டும். 2021 முதல் 'போஷன் டிராக்கர்' என்னும் செயலியில் இவற்றையெல்லாம் கைப்பேசி வழியே பதிய வேண்டும். சமிக்ஞை கிடைக்காததால், குழந்தைகளை உதவியாளரிடம் விட்டுவிட்டுச் சித்தி வேப்பமரத்தடியில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நின்றதை நாங்களே கண்டோம். "மனசு பிள்ளைங்ககிட்ட, கை போன்ல" என்று அவர் சொன்னது எங்கள் காதில் இன்னும் ஒலிக்கிறது.

இவ்வளவு பணிக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசின் திட்டம் வழங்குவதற்குச் சம்பளம் என்றுகூடப் பெயரில்லை. 'மதிப்பூதியம்' என்று பெயர். 2018 அக்டோபரில் அது மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாகவும், உதவியாளருக்கு 1,500 ரூபாயிலிருந்து 2,250 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மாநிலங்கள் தத்தம் நிதியிலிருந்து மேலும் சேர்த்துத் தருகின்றன. இப்பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணிக்கொடைச் சட்டம் வந்தது 1972-இல்! சட்டம் பிறந்து ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் அதன் நிழல் இவர்கள் மீது விழுந்தது. மாத இறுதியில் மளிகைக் கடைக்காரரின் முகத்தைப் பார்க்க அஞ்சுபவரிடம், "மனத்தை இலேசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அறிவுரை கூறுவது எளிது. உரிய ஊதியமும் மனநலத்திற்கு ஒரு மருந்துதான்.

மற்றொரு மருந்து எண்ணிக்கை. 2013-ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைக் கல்விக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்கிறது. மூன்று வயதுக்கும் குறைந்தவர்களென்றால் பத்துப் பேருக்கு ஒருவர். 36 குழந்தைகள் என்பது அந்த அளவுக்கு ஏறத்தாழ இரு மடங்கு என்பதைக் கணக்கில் தேறாத எங்களில் சிலரும் கண்டுபிடித்துவிட்டோம். இடமும் பணமும் போதாமையால் பள்ளிகள் திணறுவதை நாங்கள் அறியாமலில்லை. ஆனால் அந்தப் பற்றாக்குறையின் முழுப் பாரத்தையும் ஒரே பெண்ணின் தோளில் வைப்பது நியாயமாகாது.

"அப்படியானால், களைத்துப்போன ஆசிரியை குழந்தையை அடித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?" என்று பெற்றோர் கேட்கலாம். இல்லவே இல்லை. குழந்தையை அடிப்பதும் அச்சுறுத்துவதும் எந்தக் களைப்பிலும் குற்றமே. எங்கள் தோழி கையைப் பிடித்து இழுத்ததும் தவறே. அதற்காக அவள் மறுநாள் அக்குழந்தையின் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள். நாங்கள் சொல்வது இதுதான்: குற்றம் நடந்தபின் ஆளை மாற்றுவது எளிது. அந்த நிலைக்கு ஆளைத் தள்ளாமல் காப்பதே குழந்தைக்கும் நல்லது. புதிதாக வரும் மிஸ்ஸும் அதே அறையில், அதே எண்ணிக்கையில், அதே தாகத்தோடுதானே நிற்கப்போகிறார்?

"எந்த வேலையில்தான் கஷ்டம் இல்லை?" என்றும் கேட்கலாம். உண்மைதான். ஆனால் பேருந்து ஓட்டுநருக்குத் தேநீர்க் கடையில் வண்டி நிற்கிறது. தொழிற்சாலையில் இடைவேளைச் சங்கு ஊதுகிறது. மழலையர் வகுப்பில் குழந்தைகளுக்கு இடைவேளை மணி அடிக்கும்போதுதான் ஆசிரியைக்கு வேலை கூடுகிறது. டிபன் பாக்ஸைத் திறந்து தர வேண்டும், கை கழுவி விட வேண்டும், வரிசையாகக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆகவே, அன்புச் சகோதரிகளே, பள்ளியை நடத்தும் பெரியோர்களே, எங்கள் பணிவான வேண்டுகோள் இது. ஒவ்வொரு மழலையர் ஆசிரியைக்கும் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் வேறொருவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். அந்த நேரத்தில் அவர்களை வேறு வேலைக்கு அழைக்காதீர்கள். மாதம் ஒரு முறை மழலையர் ஆசிரியைகள் மட்டும் கூடி, எந்தப் பதிவேடும் இல்லாமல், தங்கள் கஷ்டங்களைப் பேசிக்கொள்ள ஒரு மணி நேரம் கொடுங்கள். பேசியதை யாரும் குறித்து வைக்க வேண்டாம்.

அன்புப் பெற்றோரே, உங்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வாசலில் பலர் நடுவே கேட்காமல், நேரம் வாங்கித் தனியே கேளுங்கள். மாலை ஆறு மணிக்குப் பின் அனுப்பும் செய்தி காலை வரை காத்திருக்கலாம். மிஸ்ஸுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். காய்ச்சலுள்ள குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். குறை கூற வரும் நாளுக்கு முன் ஒரு நாளாவது, "நேற்று அவள் வீட்டில் உங்கள் பாட்டைப் பாடினாள்" என்று சொல்ல வாருங்கள்.

தோழியரே, நமக்கும் பங்கு உண்டு. எல்.கே.ஜி. மிஸ்ஸைக் கண்டால் ஓடி ஒளியாமல் வணக்கம் சொல்வோம். 'சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சின்ன வேலை' என்ற எண்ணத்தைக் கைவிடுவோம். நாளை நம்மில் சிலர் இதே பணிக்கு வரக்கூடும். பலர் தாய்மாராகி அதே வாசலில் நிற்கக்கூடும். அன்று எப்படிப் பேசுவோம் என்பதை இன்றே முடிவு செய்வோம்.

உள்ளச் சோர்வு எல்லை மீறினால் உதவி நாடுவதில் வெட்கமே வேண்டாம். தொண்டை வலித்தால் மருத்துவரிடம் போகிறோம். உள்ளம் வலித்தால் மட்டும் ஏன் மூடி மறைக்க வேண்டும்? 2022 அக்டோபர் 10-ஆம் நாள், உலக மனநல நாளன்று, மத்திய அரசு 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை ஆசிரியைகளின் ஓய்வறைச் சுவரில் எழுதி வைக்கலாம். ஆனால் ஒன்று: எண்ணை எழுதி வைத்துவிட்டு, நாற்காலியை மறந்துவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பயந்துகொண்டே தலைமைச் சகோதரியிடம் கொடுத்தோம். அவர்கள் இரண்டு முறை படித்தார்கள். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. "இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார்கள். மறுவாரம் அலுவலகத்திலிருந்து கைப்பிடியுள்ள ஒரு நாற்காலி எல்.கே.ஜி. வகுப்புக்குப் போயிற்று. பத்தே முக்கால் மணிக்குச் சகோதரி ஒருவர் வந்து பத்து நிமிடம் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறார்கள். எண்ணிக்கை இன்னும் 36-தான். அது ஒரு நாளில் மாறக்கூடியதன்று. ஆனால் அடுத்த ஆண்டு இரண்டு பிரிவுகளாக்குவது பற்றி எண்ணி வருவதாகச் சகோதரி கூறியிருக்கிறார்கள். அந்தச் சொல்லை நாங்கள் இம்மலரில் அச்சிட்டு வைக்கிறோம். எங்களுக்குப் பின் வரும் தங்கையர் நினைவூட்டுவார்களாக!

சென்ற வாரம் எல்.கே.ஜி. பக்கம் போனோம். நாற்காலியில் மிஸ் இல்லை. மூன்று குழந்தைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. மிஸ் வராந்தாக் குழாயடியில் நின்று, அண்ணாந்து ஒரு தம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி, தோழியர் சார்பில்